ஸ்டியரிங்கில் இருந்து எழும்பின விரல்

நாங்கள் இருக்கிற இத்தாலியின்ர பலெர்மோவில் எதிரே வாற காரிலிருந்து ஒருத்தன் கையைக் காட்டினால் அது ஏச்சுத்தான். அந்த நினைப்போடைதான் நான் அயர்லாந்துக்கும் போனன். மனுசியும் மகளும் ஆசைப்பட்டதால் கார் வாடகைக்கு எடுத்து, ஒரு கிழமை கடற்கரையோரம் சுத்த வெளிக்கிட்டம்.

முதல் நாளே சந்தேகம் பிடிச்சிட்டுது. எதிரே வாற ஒவ்வொருத்தரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினம். டயரில் காத்து இல்லையோ, எங்களைப் பிடிக்கேல்லையோ? மூன்றாம் நாள், "காணும், திரும்பிப் போவம்" எண்டன்.

"உங்களுக்கு ஆர் சிரிச்சாலும் கள்ளன்தான்," எண்டு மனுசி முகத்தைத் திருப்பினா.

அப்ப ஒரு ஒடுக்கமான ரோட்டில் டிராக்டர் ஒண்டு எதிரே வந்து நிண்டது. சேத்துச் சப்பாத்தோடை ஒருத்தர் இறங்கி வந்தார். நான் கதவுகளைப் பூட்டினன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட எனக்கு இங்கிலிஷ் வராது. மகள்தான் கண்ணாடியை இறக்கிக் கதைச்சாள்.

"அப்பா, அங்காலை ரோட்டில கடல் ஏறுதாம், போகவேண்டாமாம்."

"அந்த விரல் என்னெண்டு கேள்."

கேட்டாள். அவர் எங்கட காரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

"வணக்கம் சொல்லுகினமாம், அப்பா."

வேறை ரோட்டால சுத்திப் போனம், ஆனால் பயணத்தை விட்டிட்டு வீட்டை திரும்பேல்லை. மிச்ச நாளெல்லாம் நானும் விரல் தூக்கினன்.

பலெர்மோ வந்த பிறகு, கபோ சந்தைப் பக்கம் எதிரே வந்த ஸ்கூட்டர்காரனுக்கும் என்னை அறியாமல் விரலைத் தூக்கிட்டன். அவன் நிப்பாட்டி, குனிஞ்சு தன்ர டயரைப் பார்த்தான். பிறகு என்னை முறைச்சான். அந்த முழி எனக்கு நல்லாத் தெரிஞ்ச முழி. அயர்லாந்தில் அதைக் கொண்டு திரிஞ்சவன் நான்தானே.