பீஸ் கட்டையும் இரண்டு எழுத்தும்

வயலில் மோட்டார் நின்றால் எல்லாரும் தண்ணீர் விழும் குழாயைப் பார்ப்பார்கள். கலைமகள் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்ப்பாள். சின்ன வயதிலேயே அப்படித்தான். நடவிலிருந்து நிமிர்ந்த அம்மா, "கை வச்சேன்னா கரிக்கட்டைதான்டி" என்று அங்கிருந்தே அதட்டுவாள். பாலிடெக்னிக் முடித்து, பாபநாசம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்ட பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. பழுது நீங்கிய பெட்டியை உடனே மூடமாட்டாள். இப்போது ஏன் ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தை மாதம், அவளுக்கே பிடிபடாத ஒன்று வந்து மாட்டியது. ஜாஃபர் சாதிக்கின் அரிசி ஆலையில், எடை மேடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்துவிட, அவள் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். எடை போடும் நிரலோ விண்டோஸுக்கென்றே எழுதிய பழசு. எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. அந்த வகை நிரல்களின் முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்றிருக்கும். 'அதைக் கண்டால் ஒயினிடம் கொடுத்துவிடு' என்று லினக்ஸுக்கு ஒரே வரியில் சொல்லி வைத்தாள். ஒயின் என்பது விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டித் தரும் இன்னொரு நிரல்.

"வேற பேரே கிடைக்கலையா அதுக்கு? எங்க அம்மா காதுல போட்றாதம்மா" என்றார் ஜாஃபர் பாய்.

அன்று முழுக்க ஓடியது. மறுநாள் காலை, எடை போடும் பையன் பரிதி, திரையில் நிரலின் படத்தை அழுத்தினால் 'இயக்க முடியவில்லை' என்றது. கலைமகள் வந்து அதே வரியை மறுபடி கொடுத்தாள், ஓடியது. அடுத்த நாள் காலையும் அதே கதை.

"இன்னிக்குத்தான் கடைசி. நாளைக்கும் மக்கர் பண்ணினா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடு. கும்பகோணத்துக் கம்ப்யூட்டர் ஆளை வரச்சொல்லிட்டேன்" என்றார் பாய் போனில்.

மறுநாள் ஆலை திறக்கும் முன்பே போய் நின்றாள். கேட் வாசலில் ஈர நெல்லோடு டிராக்டர்கள், மேலே மேகம். மொபெட்டில் வந்திறங்கிய பாய், சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கானாக எதையோ எடுத்தார்.

"அது என்ன பாய்?"

"மெயின் பீஸ் கட்டை. எங்க அத்தா காலத்துல எலி வயரைக் கடிச்சு உமிக் கொட்டாய் எரிஞ்சுபோச்சு. அதுலேருந்து சாயங்காலம் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறது."

"தினமுமா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

அவள் கடையில் பேட்டரி உண்டு. அவளுடைய கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் அணைந்ததில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தாள். அவள் தட்டிக் கொடுத்த வரி, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் லினக்ஸுக்கு ஞாபகம். கரண்ட் போனால் போச்சு. கண் விழிக்கும்போதெல்லாம் லினக்ஸ் படித்துப் பார்க்கும் ஓர் இடம் உண்டு. பாய் கட்டையைச் செருகிக் கம்ப்யூட்டர் விழித்ததும், அங்கே அந்த வரியை எழுதிச் சேமித்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?"

"உன் ரீஸ்டார்ட்டை நான் எங்க கண்டேன்?" பாய் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

"பாய், நீங்க குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நெல்லு முளைச்சிடும்" என்றார் ஒரு டிராக்டர்க்காரர்.

"வந்துடும்ல அக்கா?" என்று கேட்டான் பரிதி.

"தெரியல" என்றாள். இருண்ட திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாய் வந்து கட்டையைச் செருகினார். திரையில் எழுத்துகள் ஓடின. பரிதி படத்தை அழுத்தினான். சுழியம் காட்டிக்கொண்டு எடை நிரல் திறந்தது. முதல் டிராக்டர் மேடையில் ஏற, எண்கள் தடுமாறி ஏறி நின்றன.

"அப்ப கும்பகோணத்தானை வரவேணாம்னுடுறேன்" என்றார் பாய்.

மறுநாள் யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் கலைமகள் ஸ்கூட்டியை ஆலைப்பக்கம் விட்டாள். ஜன்னல் வழியே எண் ஒளிர்வது தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.