கலனில் குறைந்த சலம்

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டபோது, என்னுடையதில் ஒன்றைக் கொடுக்க நான் சம்மதித்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தபின் மற்றது தனித்து இழுக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு முழுநாளும் மூத்திரமாகப் போகிற சலத்தைச் சேர்த்து வரும்படி ஆசுபத்திரியில் ஒரு பிளாஸ்ரிக் கலனைத் தந்தார்கள். விடிய முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பிறகு, மறுநாள் விடியப் போவது வரை ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது.

அன்று பார்த்துப் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்க எங்கள் முறை. முறையை விட்டால் வெங்காயம் வாடிவிடும். கலனையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய், தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலுக்குள் ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்தேன். சித்தப்பா அந்தக் கொட்டில் நிழலில் இருந்து மெசினைப் பார்த்துக்கொண்டார். நான் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டித் திருப்பிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழுக்கச் சேர்த்தனீங்களோ?”

“ஓம் ஐயா.”

“உண்மையைச் சொல்லுங்கோ.”

எனக்கு முகம் சுட்டது. அவர் விளங்கப்படுத்தினார். எங்கள் தசைகளிலிருந்து கிரியற்றினின் என்றொரு கழிவு, நாளாந்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இரத்தத்துக்கு வருமாம். சிறுநீரகம் அதை வடித்துச் சலத்தில் விடும். இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது, ஒரு நாளில் சலத்தோடு எவ்வளவு போகிறது என்று ஒப்பிட்டால் வடிக்கிற வேகம் தெரியும். கணக்கின்படி என் வேகம் போதாது. ஆனால் வடிப்பு அவ்வளவு மோசமென்றால் இரத்தத்தில் கழிவு தேங்கியிருக்க வேண்டுமே? என் இரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மண்வெட்டி பிடிக்கிற உடம்பிலிருந்து வரவேண்டிய கழிவும் கலனில் இல்லை. ஒன்றில் நான் முழுக்கச் சேர்க்கவில்லை, இல்லாவிட்டால் ஆரோ கொட்டியிருக்க வேண்டும் என்றார்.

தன் புருசனுக்கு என்ன முடிவோ என்று வாசலில் நின்ற சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“விருப்பமில்லாட்டி முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம், அத்தான்.”

நான் சந்தேகப்பட்டது உங்கள் அம்மாவை. நான் கொடுப்பதில் அவருக்குப் பயம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“கலனிலை கை வைச்சனீரோ?”

“உங்கடை மூத்திரத்தைக் காவல் காக்கிறதோ எனக்கு வேலை? கழுவ அங்கை சட்டி பானை கிடக்குது.”

சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அதுவும் எனக்குத் தப்பிப் போவதாகவே பட்டது.

ஆசுபத்திரியில் திரும்பச் சேர்க்க இன்னொரு கலன் தந்தார்கள். அன்று பின்னேரம் சித்தப்பா வந்தார். கண் கலனிலேயே நின்றது.

“அண்ணை, நாளைக்கும் உந்தக் கலனைத் தோட்டத்துக்குத்தானே கொண்டு போறியள்?”

நாளைக்கு எங்கள் முறை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

“நீயோடா ஊத்தினனீ?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “உங்களுக்கு மூண்டு பிள்ளையள். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா ஆர் பாக்கிறது?”

“அதுக்கு? என்ரை சலத்தை வாய்க்காலிலை விட்டு வெங்காயத்துக்குப் பசளை போட்டனியோ?”

சிரிப்பு வந்தாலும் அவர் அடக்கிக்கொண்டார்.

மறுநாள் விடிய, கலனைச் சித்தியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீரே வைச்சிரும். நாளைக்கு விடியும்வரை நான் இஞ்சைதான். உவனை மட்டும் கிட்ட விடாதையும்.”

இந்த முறை கணக்குச் சரியாக வந்தது. மற்றது தனித்து இழுக்கும் என்றார் டொக்டர்.

“ஒருத்தரும் கொட்டேல்லைப் போலை,” என்று சிரித்தார்.

“கொட்ட விடுவனே?” என்றார் சித்தி. சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.