வானொலிக்குள் புகுந்த ஸ்மார்ட் போர்ட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்ட் வந்ததும் கிளிநொச்சிக்கே அறிவு வந்து இறங்கியதுபோல ஊரில் கதைத்தார்கள். அதை நாங்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பின்வரிசையில் கதிரையைப் போட்டு அமர்ந்து, தன் போனையே பார்த்தபடி என் கற்பித்தலைக் கூர்ந்து கவனித்தார்.

அன்று உயர்தர வகுப்புக்கு வீச்சுப் பண்பேற்றம், அதாவது வானொலியின் ஏ.எம். முறை. போர்டில் அலையை வரைந்தேன்.

"குரல் தனிய நெடுந்தூரம் போகாது, பிள்ளையள். அதால காவி அலையில ஏத்தி அனுப்புறம். குரல் எழும்பி விழுற மாதிரியே காவி அலையின்ர உயரமும் கூடிக் குறையும். றேடியோ அந்த உயரத்தைப் பாத்துத்தான் குரலைத் திருப்பி எடுக்குது."

கண்ணால் பார்த்ததைக் காதாலும் கேட்கட்டும் என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன பற்றரி வானொலியை மேசையில் வைத்து மத்திய அலைக்குத் திருகினேன். மா அரைக்கும் மில் மாதிரி ஓர் இரைச்சல்தான் வந்தது.

"மிஸ், இது ஆற்ற குரல்?" என்றாள் முன்வரிசை மாணவி.

"போர்டின்ர குரல்."

பகிடி இல்லை. போர்டின் மின்சுற்றுகள் கக்கும் இரைச்சலும் வானொலிக்கு வரும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கிறது. எது பாட்டு, எது குப்பை என்று வானொலிக்குப் பிரிக்கத் தெரியாது. வந்ததையெல்லாம் சமமாக மதிக்கும் பெருந்தன்மை அதற்கு.

"அப்ப போர்டை நிப்பாட்டட்டோ, மிஸ்?"

அதிகாரி தலை நிமிர்ந்தார். "நான் போர்டைப் பாக்கத்தான் வந்தனான். றேடியோவை நிப்பாட்டுங்கோ, ரீச்சர்."

நான் கையை நீட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. போர்ட் இருண்டது, மின்விசிறி நின்றது. இரைச்சல் அடங்கி, கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையமொன்றிலிருந்து பழைய சினிமாப் பாட்டு கண்ணாடிபோலக் கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிகாரி எழுந்து மேசையருகே வந்தார்.

"இது என்ர மனிசிக்கு நல்லாப் பிடிச்ச பாட்டெல்லோ!" என்று போனில் பதிவு செய்யத் தொடங்கினார். அவர் பாடத்தைக் கவனித்தது அப்போதுதான்.

இரண்டாவது சரணத்தில் கரண்ட் வந்தது. போர்ட் கண்விழித்தது. பாட்டு மில்லுக்குள் போனது.

"ஐயோ! ரீச்சர், உந்தப் போர்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. பாட்டு முடியட்டும்!"

மேலிடத்து உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை. உடனே நிறுத்தினேன்.