நூற்றிருபது பல்லு

எங்கள் வீட்டில் ஒழுங்காக எண்ணத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பதினொரு வயதில் எனக்குத் திடமான நம்பிக்கை இருந்தது. அப்பா மூன்று தரம் எண்ணி மூன்று விடை சொன்ன ஒன்றை நான் ஒரே தரத்தில் எண்ணி முடித்ததால் வந்த நம்பிக்கை அது.

எண்ணியது எங்கள் பிக்கப்பின் பிளைவீலில் இருந்த பற்களை. பிக்கப் அப்பாவை விட மூப்பு. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் ஊர்காவற்றுறையின் ஏழு வள்ளங்களுடைய மீன் அதில்தான் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போனது. ஒரு காலை அது கிளம்ப மறுத்தது. வெறும் கிறீச்சல் மட்டும் வந்தது. கராஜ்காரர் வந்து, எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் அந்தக் கனத்த இரும்புத் தட்டைக் கழற்றி நிலத்தில் வைத்தார். விளிம்பில் பற்கள் உதிர்ந்திருந்தன. நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"ஒட்டினா ஓடும் அண்ணை. ஆனா ஓடேக்கை ஒருநாள் சிதறி உங்கட காலைக் கொண்டுபோகும்," என்றார்.

அப்பா யாழ்ப்பாணம் போய் ஒன்று கொண்டுவந்தார். அளவு சரி, ஆணித்துளை ஆறு, எங்களுடையதில் நாலு. அடுத்து வந்ததில் துளை சரி, பல்லுக் குறைவு. அதற்குள் இரண்டு வள்ளக்காரர் வேறு லொறிக்கு மாறிவிட்டார்கள். அம்மா அப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் தலையிட்டேன். ஒரு பல்லில் சோக்கட்டியால் அடையாளம் போட்டு, உதிர்ந்த இடங்களையும் சேர்த்து எண்ணினேன். நூற்றிருபது. பிறகு பழைய கலண்டர் தாளை அதன்மேல் விரித்து, கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்து, துளைகளும் பற்களும் அப்படியே தாளில் விழச் செய்தேன். கராஜ்காரர் தாளைத் தூக்கிப் பார்த்து, "இனி இதோட பொருந்தினாத்தான் வாங்கிறது," என்றார். எனக்கு ஒரு சாண் உயர்ந்த மாதிரி இருந்தது.

காரைநகரில் ஒரு வீட்டில் இதே பிக்கப் நிற்கிறது என்று சொன்னவரும் அவர்தான். "ஆனா அந்த அக்கா குடுக்கமாட்டா. அவவின்ர அவர் போனவர், இன்னும் வரேல்லை."

அப்பா, கராஜ்காரர், நான் மூவரும் அடுத்த நாளே படகேறினோம். தாள் என் கையில் சுருட்டி இருந்தது.

அந்த அக்காவின் பிக்கப் கொட்டிலுக்குள் தறப்பாள் போர்த்தி நின்றது. ரயர்கள் நிலத்தில் படாதபடி கீழே கல் அடுக்கியிருந்தது. தூசி இல்லை. சனிக்கிழமைதோறும் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றி விடுவதாகச் சொன்னார். அப்பா தயங்கித் தயங்கி விடயத்தைச் சொல்லி முடித்ததும், அவர் தலையை ஆட்டினார்.

"ஏலாது அண்ணை. அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லிறது?"

அப்பா உடனே திரும்பினார். எனக்கோ விட மனமில்லை. எங்கள் ஊரில் போனவர் என்றால் கனடாவுக்குப் போனவர். போனவர்கள் வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான் வரும்.

"அக்கா, அவர் வரேக்கை புதுசே கொண்டருவார். எங்கட பெரியப்பா கனடாவிலை இருந்து எல்லாம் கொண்டந்தவர்," என்றேன்.

அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. நோகிறது என்று நான் நெளிந்தேன். அந்த அக்கா என்னையே பார்த்தபடி நின்றார்.

"ஓம் பிள்ளை. கொண்டருவார்," என்றார். பிறகு அப்பாவிடம், "கழட்டச் சொல்லுங்கோ அண்ணை," என்றார்.

கழற்ற மத்தியானமாயிற்று. அந்த அக்கா வீட்டுக்குள்ளே போகவே இல்லை. தட்டு வெளியே வந்ததும் என் தாளை விரித்து வைத்தேன். நாலு துளையும் நாலு துளைக்கு மேல் இருந்தன. சோக்கட்டியால் அடையாளமிட்டு எண்ணினேன். நூற்றிருபது! நான் துள்ளினேன், வேறு ஒருவரும் துள்ளவில்லை. அப்பா என்ன தருவது என்று கேட்டதற்கு அந்த அக்கா கை காட்டி மறுத்தார். கராஜ்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மிச்சத்தை எல்லாம் இருந்த மாதிரியே பூட்டிவிடுங்கோ தம்பி."

பிளைவீல் இல்லாமல் பூட்டி என்ன பயன் என்று நான் கேட்க வாயெடுத்தேன். கராஜ்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கடைசி ஆணி வரை பூட்டினார். அந்த அக்கா தறப்பாளை இழுத்துச் சுருக்கமில்லாமல் போர்த்தினார்.

இறங்குதுறையில் சோதனைக்கு நின்ற, தமிழ் தெரியாத நேவிக்காரன் எங்கள் சாக்கைத் திறந்து திகைத்தான். வட்ட இரும்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. நான் தாளை விரித்து, கையைச் சுழற்றி, வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக் காட்டினேன். சிரித்துப் போகவிட்டான். படகில் அப்பாவிடம், "நான் கதைச்சபடியாத்தானே தந்தவ?" என்றேன்.

"ஓம்," என்றார் அப்பா, கடலைப் பார்த்தபடி.

பிக்கப் முதல் திருகிலேயே உறுமியது. வெள்ளிக்கிழமைக்கு முன்னரே மாறிப்போன இரண்டு வள்ளக்காரரும் திரும்பி வர, மறுபடி ஏழு வள்ளத்தின் மீனும் அதில் ஏறியது. அப்பா காரைநகர்ப் பக்கம் ஆளனுப்பும் போதெல்லாம் அந்த அக்காவுக்கு ஒரு கூறு மீனும் போனது. நானும் ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் கேட்பேன், அக்காவின் அவர் கனடாவிலிருந்து வந்துவிட்டாரா, புதுசு கொண்டுவந்தாரா என்று.

அவர் சண்டைக் காலத்தில் ஒரு காலை பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போய்க் காணாமல் போனவர். அதை எனக்குச் சொல்ல அப்பாவுக்கு ஒரு வசனம் போதும். சொல்லவில்லை. "இன்னும் இல்லைப் பிள்ளை," என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தார். கனடா அவ்வளவு தூரமா என்று நான் யோசித்தேன்.