பாதியில் துண்டித்த அழைப்பு

2004-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில், வெளிநாடுகளுக்குப் பேசும் தொலைபேசிக் கடையொன்றில் வேலை செய்தேன். ஞாயிறு மதியங்களில் கானா நாட்டுக்காரர் சாமுவேல் வருவார். வாரமெல்லாம் வீடுகளைத் துப்புரவு செய்பவர். அவரது ஊர்ப்பக்கம், வேதக் கல்லூரி வாசலையே மிதிக்காத கிராமத்துப் போதகர்கள் சிலர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இவர் இங்கிருந்தே பாடம் நடத்துவார்.

ஒரு ஞாயிறு வரிசை நீண்டுவிட்டது.

"அண்ணை, அந்தாள் எவ்வளவு நேரமாக் கதைக்குது? நாங்களும் வீட்டோடை கதைக்க வேணுமெல்லே?" என்று வரிசையில் நின்ற எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சத்தம் போட்டார்கள்.

"ஓம், பொறுங்கோ" என்று போய், சாமுவேல் பேசிக்கொண்டிருந்த கூண்டின் கண்ணாடியைத் தட்டினேன். சாமுவேல் ஐந்து விரல்களைக் காட்டிக் கெஞ்சினார். எனக்கு எரிச்சல் வந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

வெளியே வந்தவர் கோபப்படவில்லை. இத்தாலிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "அங்கே ஓர் இளம் போதகர் இன்று ஒரு குழந்தையை அடக்கம் செய்ய வேண்டும். அவருக்கு இதுதான் முதல் தடவை. தாயிடம் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார்."

பதறிப்போய் நானே மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினேன். இணைப்பு கிடைக்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு, அடக்கம் எப்படி நடந்தது என்று கேட்டேன். குழியருகே அந்தப் போதகருக்குப் பேச்சே வரவில்லையாம். இந்த ஊழியம் தன்னால் முடியாது என்று பாடத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாராம்.

மன்னிப்புக் கேட்டேன். சாமுவேல் உடனே மன்னித்தார். ஆனால் அந்தத் தாயிடம் நான் எப்படிக் கேட்பது?