இடது பக்கக் கண்ணாடி

அந்தக் காருக்கு என்னைவிடவும் அண்ணனைவிடவும் வயது அதிகம். சென்னையில் யாரோ வீட்டின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை அண்ணன் வாங்கி வந்தான். இரண்டே கதவுகள். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்குகிற வசதி கிடையாது. ஒவ்வொரு கதவிலும் இரண்டு துண்டுக் கண்ணாடி, ஒன்றை நகர்த்தினால் மற்றதன் பின்னால் போய் நிற்கும். பழவேற்காட்டில் படகு இஞ்சின் வேலை பார்க்கிற அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காருக்குக் கீழேயேதான் படுத்துக் கிடப்பான்.

நான் பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் அண்ணன் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவான். இடது பக்கக் கண்ணாடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகி, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் புடவை தொடைவரை நனைந்திருக்கும். ஈரப் புடவையோடு நாளெல்லாம் நிற்க வேண்டும். இரண்டு முறை அண்ணனிடம் சொன்னேன். "பாக்கறேன் பாக்கறேன்" என்றான். மூன்றாம் முறை சொல்லவில்லை. மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் பசை ஒரு டியூப் வாங்கிவந்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தபோது, கண்ணாடி ஓடுகிற காடி முழுக்கப் பிதுக்கி அடைத்தேன். காய்ந்த பிறகு அது கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது. பார்த்தால் தெரியாது. ஒழுகலும் நின்றது.

மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் அண்ணன் அந்தக் கண்ணாடியை நகர்த்திப் பார்த்தான். வரவில்லை.

"உப்புக் காத்து. காடியில புடிச்சிக்கினு கீது. ஒரு நாள் உக்காந்து எடுக்கணும்."

காரைத் தொட்டேன் என்றால் திட்டுவான். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மாசி மாதம், மதியம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஏரியிலிருந்து இறால் போடுகிற பறிக்கூடையோடு வந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் அவர் தொழில். பறியை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. மூச்சு வாங்கியது, உதடு கறுத்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், காரிலேயே போய்விடலாம் என்றான் அண்ணன். நைனாவை முன்னால் இடது பக்கம் உட்கார வைத்தோம். நான் பின்னால் இருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

பாதி வழியில் நைனா கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தள்ளினார். "காத்து" என்றார். மறுபடியும் தள்ளினார். விரல்கள் கண்ணாடியில் வழுக்கின. அண்ணன் தன் பக்கக் கண்ணாடியை முழுக்கத் திறந்தான். நான் என் முந்தானையால் விசிறினேன். நைனா உள்ளங்கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை. அண்ணன் ரோட்டோரம் நிறுத்தி, ஓடிவந்து கதவைத் திறந்தபோது அந்தக் கை தானாகக் கீழே விழுந்தது.

காற்றுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டுத் தலையாட்டினான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்: "ஒரு கண்ணாடியத் தொறக்க முடியல என்னால."

கருமாதி முடிந்த மறுநாள் காலை, வெந்நீர், மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைக் கூப்பிட்டு, வழிகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பிடிக்கச் சொன்னான். வெந்நீரைக் காடியில் ஊற்றினான். மணலும் பச்சைப் பாசியும் வந்தன. அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகக் கரைந்து வந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினான். கண்ணாடி அசையவில்லை.

பிறகு பிளேடை எடுத்து ஓரத்தில் கீறினான். ரப்பர் நூல் மாதிரி ஒன்று சுருண்டு வந்தது. விரலில் உருட்டிப் பார்த்தான்.

"இன்னாது இது?"

பேசினைக் கீழே வைத்தேன். "நான்தாண்ணா. மழ ஒழுகுதுன்னு பசை வச்சி அடைச்சேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்த நூலைக் காரின் கூரைமேல் வைத்தான். பிறகு பிளேடை என் பக்கம் நீட்டினான்.

"மிச்சத்த நீ எடு."

எடுத்தேன். மேலே, கீழே, இரண்டு துண்டும் சேருகிற இடத்தில். விரலில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். அவன் பின்னாலேயே நின்றான், உதவவில்லை, போகவும் இல்லை. கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினேன். கண்ணாடி சத்தமில்லாமல் ஓடிப்போய் மற்றதன் பின்னால் நின்றது. மொத்தமே ஒரு காலை வேலைதான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கண்ணாடி ஏன் திறக்காமல் போனது என்று அம்மா கேட்டபோது, "உப்புதாம்மா" என்று அண்ணன் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னானா, என்னோடு பேசப் பிடிக்காமல் சொன்னானா, தெரியவில்லை. அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் பேசுகிறான்.

இரண்டு மாதம் தாங்கினேன். ஒரு நாள் அம்மா நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை. பெரியதை ஒரு பக்கம், சிறியதை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கி முன்னால ஒரு வாரமா அவருக்கு மூச்சு வாங்கிச்சி," என்றாள். "படுக்க முடியாம குந்திக்கினே இருந்தாரு. புள்ளைங்களாண்ட சொல்லாத, வேலைய வுட்டுட்டு அலைவாங்கன்னாரு. நானும் சொல்லல."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை.