தட்டிப் பார்த்து எடுத்த வண்டி

என் மனைவி சொர்ணாம்பாள் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தாள். வேலை, தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும், கரண்ட் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன இரும்புக் குச்சியால் தட்டுவாள். கணீரென்றால் வலது பக்கக் கூடை. சத்தம் அமுங்கி வந்தால் உள்ளே விரிசல் என்று பொருள். இடது பக்கக் கூடை.

வீட்டிலும் அதே பழக்கம்தான். தேங்காயை எல்லோரும் தட்டுவார்கள். அவள் கதவு, தண்ணீர்த் தொட்டி, பல் டாக்டரின் நாற்காலி எல்லாவற்றையும் தட்டினாள். அந்த வேலைக்கு அவள் போனது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு. அது என் அதிர்ஷ்டம்.

நாங்கள் இருப்பது கம்மாபுரம் பக்கம். நான் உள்ளூர்ப் பள்ளியில் தமிழாசிரியர், சைக்கிளில் போய்விடுவேன். அவள் ஏழு மணி பஸ்ஸில் போவாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த பஸ் ஏழே முக்காலுக்கு மாறியது. பட்டறையில் எட்டு மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். தினமும் இருபது, இருபத்தைந்து நிமிடம் தாமதமானது. மேஸ்திரி சுப்புராயன் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார்.

"ஒண்ணாந்தேதியில இருந்து லேட்டுன்னா நீங்க மண்ணு பக்கம் போயிடுங்கம்மா. மேசைக்கு டவுன்ல இருந்தே ஒரு பொண்ணு கேக்குது" என்றார்.

மண் பக்கம் என்றால் குழைத்த மண்ணைத் தூக்கிக் கொடுக்கும் வேலை. இடுப்பு போய்விடும். அவள் கவலை அது இல்லை.

"மண்ணத் தட்டுனா இன்னாங்க கேக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

திருப்பூரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி பள்ளி மைதானத்தில் ஒரு வாரம் அவளுக்கு வண்டி பழக்கினான். எல்.எல்.ஆர். எடுத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஸ்கூட்டர்தான் வாங்குவாள் என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு ஸ்கூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பிளாஸ்டிக்குங்க. நல்லதும் ஒரே சத்தம், கெட்டதும் ஒரே சத்தம். இத எப்படி நம்பி ஏறுறது?"

அப்படித்தான் மோட்டார் சைக்கிள் என்று முடிவாயிற்று. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் ரோட்டில் பழைய வண்டி விற்கும் மணியிடம் போனோம். தகரக் கொட்டகையின் கீழ் பதினோரு வண்டிகள் நின்றன.

"அக்காவுக்கா சார்? இப்படி வாங்கக்கா, ஸ்கூட்டி நாலு இருக்குது."

"இரும்புல காட்டுப்பா."

கைப்பையிலிருந்து குச்சியை எடுத்தாள். முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்தாள். டேங்கில் மூன்று தட்டு, மட்கார்டில் இரண்டு, சைலன்சரில் ஒன்று. மணி என் பக்கம் சாய்ந்தார்.

"சார், உள்ள யாரும் இல்லன்னு சொல்லுங்க சார்."

வாசலில் ஒரு கறுப்பு வண்டி நின்றது. மூன்று வருடம்தான் ஓடியது. மணி அன்று காலை அதில்தான் வந்திருந்தார். இருப்பதிலேயே நல்லது அதுதான் என்று எனக்கே தெரிந்தது. அவள் தட்டினாள். அமுங்கியது.

"விரிசல்" என்றாள்.

"அய்யோ அக்கா, காலையிலதான் ஃபுல் டேங்க் போட்டன். பெட்ரோல் இருந்தா சத்தம் வராதுக்கா."

"பதினஞ்சு வருசமா கேக்கறன். ஈரம்னுவாங்க, சூடு ஆறலன்னுவாங்க. விரிசல்னு மட்டும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"சொர்ணா, அவரு சொல்றது சரின்னுதான் தோணுது" என்றேன்.

"நீங்க ஸ்கூல்ல இன்னா பாடங்க எடுக்கறீங்க?"

"தமிழ்."

"அப்ப சும்மா இருங்க."

கடைசியில் சுவரோரம் ஒரு சிவப்பு வண்டி. பதினான்கு வயது. சீட் கிழிந்திருந்தது. பெட்ரோல் முள் எப்போதோ நின்றுபோயிருந்தது. அடியில் இரண்டு கோழிகள் படுத்திருந்தன. அவள் தட்டியதும் கணீரென்று கொட்டகை முழுக்கக் கேட்டது. கோழிகள் எழுந்து வெளியே போயின.

"இது" என்றாள்.

"அது ஓடும்" என்றார் மணி. பணத்தை எண்ணிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

பங்க் வரை போகத்தான் அதில் பெட்ரோல் இருந்தது. அவள் ஓட்ட, நான் மணி கொடுத்த ஒரு சைக்கிளில் பின்னால் போனேன். டேங்கை நிரப்பி மூடியைப் போட்டார்கள். அவள் பழக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள். அமுங்கியது. மறுபடி தட்டினாள். அப்படியேதான்.

"இங்க வந்துதான் விரிசல் வுட்டுருக்குது" என்றாள். டேங்கை மேலிருந்து கீழே தடவினாள். பிறகு, "இல்ல. பெட்ரோலுதான்" என்றாள்.

திரும்ப மணியிடம் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு டியூபைக் கொண்டுவந்து கறுப்பு வண்டியின் பெட்ரோலைக் கேனில் இறக்கினார்.

"இப்ப தட்டுங்கக்கா."

சிவப்பைவிட நன்றாகவே கேட்டது.

"மாத்திக்கறீங்களாக்கா? நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டன்."

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க பட்டறையில வலது கூடையில போட்டத திரும்ப எடுக்கறது இல்லப்பா. ஒண்ண எடுத்தா, அன்னிக்குத் தட்டுன அத்தனையையும் முதல்ல இருந்து தட்டணும்."

மணி என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்தேன்.

மறுநாள் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை. முன்னும் பின்னும் சிவப்பில் எல் ஒட்டிக்கொண்டு ஆறரைக்குக் கிளம்பினாள். வழியில் நான்கு இடத்தில் வண்டி நின்றதாம். ஒவ்வொரு முறையும் இறங்கி உதைத்திருக்கிறாள். ஏழு ஐம்பத்தேழுக்கு கேட்டில் இருந்தாள். சுப்புராயன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"இது யாருதும்மா?"

"என்னுதுதாங்க. தட்டிப் பாத்து எடுத்தது."

மேசை அவளிடமே இருந்தது.

முள் வேலை செய்யாததால் தினமும் காலையில் டேங்கைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போவாள். அமுக்கம் முடிந்து கணீர் தொடங்கும் இடத்தில் விரலை வைப்பாள். அதுவரை பெட்ரோல். "நாளான்னிக்குப் போட்டா போதும்" என்பாள். நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவள் வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றதில்லை. மணி அந்தக் கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நான் இரண்டு முறை பார்த்தேன். அதில் முள் நன்றாக வேலை செய்கிறது. பார்க்க மறந்துவிட்டாராம்.

சொர்ணாம்பாள் போன மாசியில் இறந்தாள். பதினோரு நாள் காய்ச்சல். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். காரியத்தன்று சுப்புராயன் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி எடுத்ததுல இருந்து ஒரு நாள் லேட்டு இல்ல சார்" என்றார். மேசையை இப்போது அந்த டவுன் பெண்ணுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல எழுந்து போனார்.

நானும் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறேன். எந்த வண்டி என்ற கேள்வி எனக்கு எழவில்லை. இன்று காலை அவள் கைப்பையிலிருந்து குச்சியை எடுத்து டேங்கைக் கீழிருந்து மேலே தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

பாதி இருந்தது.